ஆடும் பிரிட்ஜும் ஆடாத விரலும்

"ஆடுற பிரிட்ஜோ, ஆடாத பிரிட்ஜோ? கெதியாச் சொல்லு மச்சான், கடைக்காரன் என்னையே பாத்துக்கொண்டு நிக்கிறான்."

கனடாவில் ஒரு வாத்தியக் கடைக்குள் நின்றபடி என் மனைவியின் தமையன் கைத்தொலைபேசியில் கேட்டார். அங்கே மாலை. இங்கே அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. மருதனார்மடச் சந்தைக்குக் கொண்டுபோகக் கத்தரிக்காய் பிடுங்கிக்கொண்டிருந்த நான், சாக்கை ஒரு கையிலும் தொலைபேசியை மறுகையிலும் பிடித்துக்கொண்டு வரம்பில் நின்றேன். திரையில் சுவர் நிறைய மின்சாரக் கிற்றார்கள் தொங்கின. சிவப்பு, நீலம், கறுப்பு என்று எல்லாம் கண்ணைப் பறித்தன. ஆனால் மச்சான் கேட்ட கேள்விக்குப் பதில் அந்தச் சுவரில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

நான் பொதுவாகவே ஒரு கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லுகிற ஆள் இல்லை. கலியாண வீட்டில் தேநீரா கோப்பியா என்று கேட்டால், பக்கத்தில் இருப்பவர் என்ன எடுக்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பேன். அப்படிப்பட்டவனிடம் போய் ஆடுவதா ஆடாததா என்று கேட்டால் என்ன செய்வேன்? "நாளைக்குச் சொல்லட்டே?" என்றேன். மச்சான் ஏதோ சொன்னார். நல்ல வார்த்தை இல்லை.

விஷயத்தைக் கிற்றார் தெரியாதவர்களுக்கும் விளங்குகிற மாதிரிச் சொல்லிவிடுகிறேன். கிற்றாரின் தந்திகள் எல்லாம் ஓர் இரும்புத் தகட்டில் வந்து முடியும். அதுதான் பிரிட்ஜ். சாதாரணக் கிற்றாரில் அதை மரத்தோடு முடுக்கி வைத்திருப்பார்கள். அது பாட்டுக்குக் கிடக்கும். மற்ற வகையில் அந்தத் தகடு இரண்டு ஆணிகளின் விளிம்பில், தொட்டும் தொடாமலும் நிற்கும். முன்னால் தந்திகள் இழுக்க, பின்னால் குழிக்குள் இருக்கும் சுருள் கம்பிகள் அதற்கு எதிராக இழுக்கும். தகட்டில் ஒரு தடி இருக்கும். தடியை அமத்தினால் தந்திகள் தளர்ந்து ஒலி கீழே வழுக்கும். விட்டால் பழைய இடத்துக்கு வரும். வரவேண்டும். வருமா வராதா என்பதில்தான் உலகத்துக் கிற்றார்காரர் எல்லாரும் இரண்டாகப் பிரிந்து நின்று சண்டை பிடிக்கிறார்கள்.

எனக்கு அந்தத் தடி ஏன் தேவைப்பட்டது என்றால், என் விரலால். நான் ஒரு பக்திப் பாடல் இசைக்குழுவில் லீட் கிற்றார் வாசிப்பவன். கோயில் திருவிழாக்களில் வாசிப்போம். எங்கள் பாட்டுகளில் ஸ்வரம் சும்மா நிற்காது; வழுக்கும், வளையும், ஏறி இறங்கும். அதைக் கிற்றாரில் கொண்டுவர, இடது கை மோதிர விரலால் தந்தியை மேலே தள்ளவேண்டும். போன வருடத்துக்கு முதல் வருடம் கிணற்றுக் கட்டில் இறைப்பு மெசினை இடம் மாற்றும்போது அது சறுக்கி, அந்த விரல் மெசினுக்கும் கட்டுக்கும் நடுவில் அகப்பட்டுவிட்டது. எலும்பு பொருந்திவிட்டது. பலம் மட்டும் திரும்பி வரவில்லை. கத்தரிக்காய் பிடுங்கும், வாளி தூக்கும், தந்தியைத் தள்ளச் சொன்னால் பாதி வழியில் நின்றுவிடும். அதோடு ஒரு வருடம் எப்படியோ ஒப்பேற்றினேன்.

எங்கள் குழுவை நடத்துவது கீபோர்ட் வாசிக்கும் அண்ணை. பகலில் சாவகச்சேரியில் ஓர் அலுவலகத்தில் வேலை, பின்னேரத்தில் அவருடைய வீட்டுக் கராஜில் எங்களுக்கு ஒத்திகை. முப்பது வருடமாகக் கோயில் கோயிலாக வாசித்தவர். அவரிடம் கேட்டேன்.

"தம்பி, உந்தத் தடியெல்லாம் வெளிநாட்டுக்காரருக்குச் சரி. எங்களுக்கு அங்காலை நாதஸ்வரம் நிக்கும், இஞ்சாலை தவில் நிக்கும், நடுவிலை பனி வேற. நீ தடியை ஆட்டிப்போட்டு எந்தச் சுருதியிலை போய் நிப்பாய்?"

"அப்ப என்ரை விரலுக்கு என்னண்ணை செய்யிறது?"

அண்ணை கொஞ்ச நேரம் கீபோர்ட்டைத் துடைத்தார். துடைக்கிறதுக்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை. "நீ இனிக் கோட்ஸ் மட்டும் பிடியன். வழுக்கிற இடமெல்லாம் நான் கீபோர்ட்டிலை பாக்கிறன். உனக்கும் சுகம்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கோட்ஸ் பிடிப்பது என்றால், பாடகர் பாட, அண்ணை வாசிக்க, நான் பின்னால் நின்று ஜங் ஜங் என்று தாளத்துக்கு அடிப்பது. அதில் பிழை ஒன்றும் இல்லை. அதையே வாழ்நாள் முழுக்க வடிவாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சனம் கண்ணை மூடித் தலையாட்டுகிற இடத்தில் இருபது வருடம் வாசித்துவிட்டு, அந்த இடம் வரும்போது கையைக் கட்டிக்கொண்டு இன்னொருவர் வாசிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது. அண்ணை என்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். அதனால்தான் இன்னும் கோபம் வந்தது.

வீட்டுக்கு வந்து தொலைபேசியில் வீடியோக்களைப் பார்த்தேன். அது நான் செய்த பெரிய மடைத்தனம். ஒருவர் ஆடும் பிரிட்ஜ் இல்லாத கிற்றார் உயிர் இல்லாத கிற்றார் என்றார். அடுத்தவர் அதை வாங்குகிறவனுக்கு வாழ்க்கை முழுக்க சுருதி கூட்டுவதே வேலை என்றார். மூன்றாவது ஆள் ஆடும் பிரிட்ஜ் உள்ள கிற்றாரை வாங்கி, அது ஆடாமல் இருக்கப் பின்னால் ஒரு மரக்கட்டையைச் செருகி, "இப்போதுதான் நிம்மதி" என்று சிரித்தார். ஆடாமல் வைக்கத்தான் ஆடுவதை வாங்கினாரா? எனக்குத் தலை சுற்றியது. இருக்கிறவன் அதைக் கட்டிப்போடுகிறான், இல்லாதவன் அதற்கு அலைகிறான். எதை நம்புவது?

மறுநாள், எதை வாங்குவது என்று கேட்ட மச்சானிடம் "உனக்குச் சரியெண்டு படுறதை வேண்டு" என்றேன். என்னிடம் யாராவது அப்படிச் சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். மச்சானுக்கும் வந்தது.

"நான் வெறும் பஸ் ஓட்டுறவன். எனக்கு உதிலை என்ன தெரியும்? கடைக்காரன் சொல்லுறான், ஆடுறதை ஆடாமப் பண்ணலாமாம், ஆடாததை ஆட்டேலாதாம். அப்ப ஆடுறதையே வேண்டிக்கொண்டு வாறன்."

ஆவணியில் மச்சான் வந்தார். பயணப்பெட்டியில் அவருடைய உடுப்பைவிட என் கிற்றார்தான் அதிக இடம் பிடித்திருந்தது. வெளிர் நீலம். விறாந்தையில் கதிரையைப் போட்டு, பழைய ஒலிபெருக்கியில் அதைச் செருகி, சுருதி கூட்டினேன். மனைவியும் மச்சானும் எதிரே இருந்தார்கள். இடது கை விரலைத் தந்தியில் சும்மா வைத்தேன். வலது கையால் தடியை அமத்தி வைத்துக்கொண்டு தந்தியைத் தட்டி, மெல்ல மெல்ல விட்டேன். கீழே கிடந்த ஸ்வரம் வழுக்கிக்கொண்டு மேலே வந்து தன் இடத்தில் இருந்தது. விரல் அசையவே இல்லை. என் கண் கலங்கிவிட்டது, பகிடி இல்லை. ஒரு வருடமாகப் பாதி வழியில் நின்ற ஸ்வரம் அது.

மச்சான் கை தட்டினார். மனைவி தட்டவில்லை, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சந்தோஷத்தோடு சேர்ந்து குழப்பமும் வந்தது. இதை வாசித்தது நானா, தடியா? தள்ளுவது விரலின் வேலையாக இருந்தபோது எவ்வளவு தள்ளவேண்டும் என்று காதும் விரலும் தங்களுக்குள் பேசி முடித்துவிடும். இப்போது அந்தப் பேச்சு வலது கைக்கு மாறியிருந்தது. வலது கை புதிதாகச் சேர்ந்த வேலையாள் மாதிரி எல்லாவற்றுக்கும் என்னைக் கேட்டது. ஆனாலும் புரட்டாதி பிறப்பதற்குள் அது பழகிவிட்டது. ஒத்திகையில் அண்ணை கேட்டுவிட்டு, "ம்... மோசமில்லை" என்றார். அவருடைய வாயில் அது பெரிய பட்டம். கந்தசஷ்டி முடிந்து வரும் திருக்கல்யாணத்தன்று எங்களுக்கு ஒரு முருகன் கோயிலில் நிகழ்ச்சி இருந்தது. அதில் நானே லீட் வாசிப்பது என்று முடிவாயிற்று.

பிறகு நவராத்திரி வந்தது. எங்கள் வீட்டில் சரஸ்வதி பூசைக்குப் புத்தகம், மண்வெட்டி, கத்தி, இறைப்பு மெசின், மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் பூசை உண்டு. இந்த முறை கிற்றாரும் சாமியறையில் ஏறியது. பூசையில் வைத்ததைத் தொடக்கூடாது. விஜயதசமி காலை தேங்காய் உடைத்து, அவலும் கடலையும் சாப்பிட்டுவிட்டு, ஆசையோடு அதை எடுத்து வாசித்தேன்.

தடியை அமத்தி விட்டேன். ஸ்வரம் மேலே வந்தது. ஆனால் வீட்டுக்கு வரவில்லை, வாசல் படலையடியிலேயே நின்றுவிட்டது. ஒரு மயிரிழை குறைவு. திரும்பச் சுருதி கூட்டினேன். இந்த முறை ஒரு மயிரிழை கூடப் போய் நின்றது. ஒரு தந்தியைத் திருத்தினால் மற்றவை குழம்பின. மற்றவற்றைத் திருத்தினால் முதலாவது குழம்பியது. புதுத் தந்தி போட்டேன். பின்னால் இருந்த சுருள் கம்பிகளை இறுக்கினேன், தளர்த்தினேன், திரும்ப இறுக்கினேன். மழைக்காலம் தொடங்கியிருந்ததால் ஈரமோ என்று அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் சரிவரவில்லை.

எல்லாவற்றையும்விட ஒரு சந்தேகம்தான் என்னைத் தின்றது. பிழை பிரிட்ஜிலா, என் விரலிலா? மோதிர விரல் சோர்ந்துபோனதால் மற்ற விரல்கள் தங்களை அறியாமல் தந்தியை அமுக்கி இழுக்கின்றனவோ? அப்படி இழுத்தாலும் சுருதி விலகும். சோதித்துப் பார்ப்போம் என்று இடது கையை எடுத்துவிட்டு வெறும் தந்தியைத் தட்டினேன். அதிலும் பிழை. அப்பாடா, விரல் தப்பியது. மறுநாள் அதே சோதனையில் வெறும் தந்தி சரியாக இருந்தது, விரல் வைத்தால் மட்டும் பிழைத்தது. அதற்கடுத்த நாள் இரண்டும் சரி. அன்றைக்கு எனக்குச் சந்தோஷப்படக்கூடப் பயமாக இருந்தது.

ஒத்திகையில் பாடகர் பாதியில் நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அண்ணை நிறுத்தவில்லை, கடைசிவரை வாசித்துவிட்டுத்தான் சொன்னார்.

"தம்பி, கோவிக்காதை. திருவிழா உபயகாரர் ஊர்ச் சனத்தையெல்லாம் கூப்பிட்டு வைச்சிருப்பினம். அண்டைக்கு நீ சுருதியிலை நிண்டாச் சரி. இல்லாட்டிக் கோட்ஸ் பிடி. நான் இப்பவே அந்த இடங்களைக் கீபோர்ட்டிலை வாசிச்சுப் பாத்து வைக்கிறன்."

"விரலோ தடியோ எண்டுதான் தெரியேல்லை அண்ணை."

"எதெண்டாலும் கேக்கிற சனத்துக்கு ஒண்டுதான்."

அது உண்மை. உண்மையைச் சொல்கிறவரோடு சண்டை பிடிக்கவும் முடியாது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வந்த வேகத்தில் பூவரசங் கொப்பு ஒன்றை வெட்டி, ஒரு சின்னக் கட்டையாகச் சீவினேன். அந்த வீடியோக்காரர் செய்தது போலப் பிரிட்ஜைக் கட்டிப்போடத்தான். கட்டை ஏறினால் சுருதி நிற்கும். தடி இருக்காது. தடி இல்லாவிட்டால் எனக்குக் கோட்ஸ்தான். சீவிக்கொண்டிருந்தபோது எனக்கு அழுகை வந்தது. நாற்பத்தைந்து வயதில் ஒரு மரக்கட்டையைச் சீவிக்கொண்டு அழுகிறவனைப் பார்த்தால் யாரும் விசரன் என்றுதான் நினைப்பார்கள்.

கட்டையைச் செருகுவதற்காகத் தந்திகள் எல்லாவற்றையும் கழற்றி, பிரிட்ஜை ஆணிகளில் இருந்து தூக்கி எடுத்தேன். அதன் விளிம்பு ஆணியைத் தொடுகிற இடத்தில், இரண்டு பக்கமும், மஞ்சளாக ஒரு பொருக்கு இறுகிப்போய் இருந்தது. துருவா? புதுச் சாமானில் அதற்குள் துருவா? நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். மஞ்சளுக்கு நடுவில் சிவப்பு. மணந்து பார்த்தேன்.

சந்தனம். நடுவில் குங்குமம்.

"இஞ்சை வாரும்!" என்று கத்தினேன். மனைவி குசினியில் இருந்து ஈரக் கையோடு வந்தாள். பிரிட்ஜை நீட்டினேன்.

"உதுக்குள்ளை சந்தனம் வைச்சது நீரே?"

"ஓம். பூசைக்கு வைச்சனான். ஏன்?"

"கிற்றாரிலை வைக்க வேற இடம் கிடைக்கேல்லையே உமக்கு? இவ்வளவு பெரிய மரம் கிடக்கு!"

அவள் என்னை ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "மண்வெட்டிக்கு வாயிலை வைச்சனான். மெசினுக்குச் சில்லிலை வைச்சனான். மோட்டார் சைக்கிளுக்கு ஹாண்டிலிலை வைச்சனான். வேலை செய்யிற இடத்துக்குத்தானே வைக்கிறது? உதிலை ஆடுறது உந்த இடம்தானே?"

பிரிட்ஜைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவள் சொன்னதில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை. பன்னீரில் குழைத்துத் தாராளமாக வைத்திருக்கிறாள். அது உள்ளே வழிந்து காய்ந்து, அசைகிற விளிம்புக்கும் ஆணிக்கும் நடுவில் இறுகி, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உடைந்து, கொஞ்சம் ஒட்டி, பிரிட்ஜைத் தன் இடத்துக்கு வரவிடாமல் தடுத்திருக்கிறது. ஒருநாள் சுருதி கூட, ஒருநாள் குறைய. நான் என் விரலைச் சந்தேகித்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

"உதாலை பழுதாப் போச்சே?" என்று அவள் பயந்துபோய்க் கேட்டாள்.

"இல்லை" என்றேன். எனக்குச் சிரிப்பு வந்தது. "பழுதில்லை. விரலிலையும் பழுதில்லை." அவளுக்கு அது விளங்கியிருக்காது.

பழைய பல் பிரஷை மண்ணெண்ணெயில் தோய்த்துச் சுரண்டிக் கழுவி, ஆணி விளிம்பில் பென்சில் கரியைத் தேய்த்துப் பூட்டினேன். தடியை அமத்தி விட்டேன். ஸ்வரம் நேரே வந்து தன் இடத்தில் இருந்தது. திரும்பத் திரும்ப விட்டேன். வந்தது. அதற்குப் பிறகும் என் மனம் முழுதாக ஆறவில்லை. சந்தனம் போய்விட்டது சரி, ஆனால் ஒரு பொட்டுச் சந்தனத்துக்கே இப்படிக் குழம்புகிற சாமானை நம்பி மேடை ஏறலாமா? கோயிலில் பனி விழும், விபூதி பறக்கும், யாரோ ஒருவர் மேடையில் சாம்பிராணி காட்டுவார். அண்ணை சொன்னதுதான் சரியோ? மரக்கட்டையை எறிந்துவிடாமல் கிற்றார் உறைக்குள்ளேயே போட்டுக்கொண்டேன்.

திருக்கல்யாணத்தன்று மழை. முதல் நாள் சூரன்போரில் மிதிபட்ட கோயில் வீதி சேறாகக் கிடந்தது. நிகழ்ச்சியை மண்டபத்துக்குள் மாற்றியிருந்தார்கள். சனம் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு இருந்தது. பெண்கள் பக்கத்தில் தூணடியில் என் மனைவி. முதல் இரண்டு பாட்டும் பயத்தில் போயின. மூன்றாவதில் அந்த இடம் வந்தது. பாடகர் நிறுத்தி எனக்கு வழி விட்டார். அண்ணையின் கை கீபோர்ட்டுக்கு மேலே தயாராக நின்றதை ஓரக்கண்ணால் பார்த்தேன். தடியை அமத்தினேன், தட்டினேன், விட்டேன். அது வழுக்கி ஏறியது, வளைந்தது, நின்றது. அண்ணை கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணை மூடித் தலையாட்டினார்.

கடைசிப் பாட்டில் இரண்டாவது தந்தி கொஞ்சம் இறங்கித்தான் நின்றது. எனக்குத் தெரிந்தது. அண்ணைக்கும் தெரிந்தது. சாமான்களைக் கட்டும்போது சொன்னார்: "நல்லாத்தான் வாசிச்சாய். எண்டாலும் கடைசியிலை கொஞ்சம் விலகினது. உந்தத் தடியிலை எனக்கு இன்னும் நம்பிக்கை இல்லை." எனக்கும் இல்லை. மரக்கட்டைக்குப் பக்கத்தில் கிற்றாரை உறைக்குள் வைத்து மூடினேன்.

கனடாவுக்குத் திரும்பிவிட்ட மச்சான் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார். அவருடைய கூட்டாளி ஒருவருக்கும் கிற்றார் வாங்க ஆசையாம். ஆடுகிற பிரிட்ஜ் பெறுமதியானதா இல்லையா, நான் ஒரு சொல்லில் சொல்லவேண்டுமாம். ஓட்டோவில் வீட்டுக்கு வரும்போது அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். மூன்றாவது பாட்டை நினைத்தால் ஓம். கடைசிப் பாட்டை நினைத்தால் இல்லை. எழுதினேன், அழித்தேன், திரும்ப எழுதினேன். மனைவி பக்கத்தில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"இஞ்சருங்கோ," என்றாள். "இண்டைக்கு விரல் நோகேல்லைத்தானே?"

நான் திரும்பிப் பார்த்தேன். விரல் நோகிறது என்று நான் ஒருநாளும் ஒருவருக்கும் சொன்னதில்லை. வைத்தியருக்குக்கூடப் பலம் இல்லை என்றுதான் சொன்னேன்.

"இல்லை" என்றேன்.

"போன வருசமெல்லாம் நீங்கள் அந்த இடத்துக்கு வரேக்கை, உங்கடை முகம் போற போக்கைப் பாக்கேலாமல் நான் எழும்பி வெளியிலை போயிடுவன். இண்டைக்குத்தான் அந்தப் பாட்டை முழுக்க இருந்து கேட்டனான்."